கால் பட்ட தோஷம்

தோட்டத்து ஆண்களில் பாதிப் பேரை ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை விழுங்கிவிட்டிருந்த வருஷத்தில், சின்னையா ஊரோடு கிடந்ததற்கு வளைந்த கொய்யாக் கம்பு ஒன்றுதான் காரணம். கம்பால் பந்தை அடிக்கத் தெரிந்தவனுக்குச் சோறு, தெரியாதவனுக்குச் சயாம் என்று உலகம் அப்படி ஆகிப்போயிருந்தது. சிரிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் சிரிப்பதற்கும் வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டுமே.

சுங்கை பட்டாணியில் ஓர் ஐஸ் பெக்டரி இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு, கிதாமுரா என்ற மேனேஜரை அதில் உட்காரவைத்தான். மீனுக்கும் ஆபீசர்களின் பீருக்கும் ஐஸ் போட்டுக்கொடுப்பது அவர் வேலை. மனசெல்லாம் ஹாக்கி. அவர் ஊரில் குளிர் காலத்தில் ஏரித் தண்ணீர் உறைந்து கல்லாகிவிடுமாம். காலில் கத்தி கட்டிக்கொண்டு அதன்மேல் வழுக்கி வழுக்கி ஹாக்கி ஆடுவார்களாம். காலில் கத்தி கட்டுவது சேவலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த தோட்டத்து ஜனங்கள், ஜப்பான்காரன் இதையும் செய்வான், இதற்கு மேலும் செய்வான் என்று நம்பிவிட்டார்கள்.

வெயில் கொளுத்தும் கெடா மாநிலத்தில் ஏரி எங்கே உறைவது? புல்லில் ஆடும் ஹாக்கியாவது இருக்கட்டும் என்று கிதாமுரா மேலிடத்தில் பேசி ஒரு லீக்கை ஏற்படுத்தினார். சுங்கை பட்டாணி ஐஸ் பெக்டரி, அலோர் ஸ்டார் ஆபீஸ் கிராணிமார், கூலிம், பாலிங் என்று நாலு டீம். தைப்பூசம் கழிந்து தொடங்கி ஆடி மாதத்தில் முடியவேண்டும். ஒவ்வொரு டீமும் மற்ற டீம்களின் ஊருக்குப் போயும் ஆடவேண்டும், தன் ஊருக்கு வரவழைத்தும் ஆடவேண்டும். ஆடுகிறவனுக்கு அதுவே உத்தியோகம். வாரா வாரம் அரிசி கிடைக்கும். அரிசியைவிடப் பெரிய சம்பளம் இடது கையில் கட்டிக்கொள்ளும் சிவப்புத் துணி. அந்தத் துணி கட்டியவனை ஆள் பிடிக்கிற லாரி தொடாது.

சின்னையா பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். வெள்ளைக்காரன் இருந்த நாளில் தோட்டத்து டீமில் ஆடிய பழக்கம் உண்டு. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சேர்ந்துவிட்டான். மனைவி குணவதி அப்போது நாலு மாதக் கர்ப்பம். பெக்டரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருவரும் குடியிருந்தார்கள். காலையில் அவன் ஐஸ் உடைப்பான். சாயங்காலம் பந்து அடிப்பான்.

குணவதிக்கு ஹாக்கி என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அவளுடைய அண்ணன் பக்கிரிசாமியை மூன்று மாத வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். அதனால் அந்தச் சிவப்புத் துணியை அவளே துவைத்து, காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று வெளியில் காயப்போடாமல், அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருப்பாள்.

"நீங்க பந்து அடிங்க, அடிக்காம போங்க. துணிய மட்டும் அவுத்துராதீங்க" என்பாள்.

முதல் ஆட்டம் பாலிங்கில் நடந்தது. அந்த டீமின் கோல்கீப்பர் குழந்தைவேலு. அவனும் பால் வெட்டுகிறவன்தான், சின்னையாவைவிட ஐந்தாறு வயது இளையவன். லாரி டயரை அறுத்துக் கணுக்காலிலிருந்து முட்டிவரை கட்டிக்கொண்டு நிற்பான். பந்தும் அப்போது கடையில் கிடைக்கிற பந்தல்ல; மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உருட்டிச் சுற்றிச் செய்தது, பட்டால் எலும்பு பேசும். குழந்தைவேலு அதற்குப் பயப்படுகிறவன் இல்லை. பயமெல்லாம் சாமிக்குத்தான். கோல் கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், பந்தைத் தொட்டு ஒற்றிக்கொள்வான், கையில் இருக்கும் கம்பையும் விட்டுவைக்கமாட்டான்.

ஆட்டத்தின் நடுவில் சின்னையா பந்தோடு கோலை நெருங்கினான். குழந்தைவேலு முன்னால் வந்து காலை வீசிப் பந்தை உதைத்தான். பந்து விலகியது, கால் சின்னையாவின் இடுப்பில் பட்டது. ஹாக்கியில் இது ஒரு பெரிய விஷயமா? ஆனால் குழந்தைவேலு பந்தை மறந்தான், கோலை மறந்தான். அப்படியே குனிந்து, கால் பட்ட இடத்தைக் கையால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் ஒற்றி முடிப்பதற்குள் ஐஸ் பெக்டரி ஆள் ஒருவன் பந்தை உள்ளே தள்ளிவிட்டான்.

திடலே சிரித்தது. பாலிங் கேப்டன் பரஞ்சோதி மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், இது கோயிலாடா? ஆட்டத்துல கால் படாம என்ன படும்?"

"தெரியுதுண்ணே. கை தானாப் போயிருது" என்றான் குழந்தைவேலு. அவன் சொன்னது நிஜம். சிறு வயதிலிருந்து வீட்டில் அடித்து அடித்துப் பழக்கிய கை. மூளையைக் கேட்டுக்கொண்டா போகும்?

பாலிங் பிறகு ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமமாக முடித்தது. முடிந்ததும் குழந்தைவேலு நேராகச் சின்னையாவிடம் வந்தான்.

"என்னைவிடப் பெரியவரு நீங்க. கால் பட்டுருச்சு. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனாத்தான்ணே எனக்கு மனசு ஆறும்."

அவனுடைய மனைவி ராக்காயி அவித்த மரவள்ளிக் கிழங்கும் சுட்ட கருவாடும் வைத்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்ததே அவ்வளவுதான் என்பது, அவள் சட்டியைச் சுரண்டிய சத்தத்திலேயே சின்னையாவுக்குத் தெரிந்தது. இரண்டு பெண் குழந்தைகள் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் குழந்தைவேலு தோளைப் பிடித்து உட்காரவைத்தான். பசி வேறு. தின்றுவிட்டான்.

"ஆடுறப்ப வேற வேற டீமுலா. மத்தபடி நம்ம எல்லாம் ஒரே படகுலதாண்ணே போறோம். சேந்தே கரையேறிருவோம்" என்று வழியனுப்பினான் குழந்தைவேலு.

சித்திரையில் மழை பிடித்துக்கொண்டது. திடல் குளமாகிவிட்டது. பழகாமல் இருந்தால் கிதாமுராவுக்குத் தூக்கம் வராது. ஐஸ் அறைத் தரை முழுவதும் பாளம் பாளமாக ஐஸை அடுக்கச் சொல்லி, இடுக்கில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டு, இதில் ஆடுங்கள் என்றார். காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு அதில் இறங்கினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவர்கள் யானையுமில்லை, வயிறு நிறைந்தவர்களுமில்லை. ஒருவன் விழுந்தால் அவன்மேல் நாலு பேர் விழுந்தார்கள். கிதாமுரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த அறையில் அவர் கெட்டவராகவே தெரியமாட்டார். ஊரை நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதராகத்தான் தெரிவார்.

அங்கேதான் அவர் விழக் கற்றுக்கொடுத்தார். ஒற்றை முட்டியை மடக்கி வழுக்கிக்கொண்டு போகவேண்டும். நெஞ்சு முன்னால் சாயவேண்டும். கம்பு மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருக்கவேண்டும். ஜப்பான் பேச்சை வகுப்புக்குப் போய்ப் படித்திருந்த கேப்டன் சின்னத்துரை அதைத் தமிழில் சொன்னார். சின்னத்துரை யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு ரயில் ஸ்டேஷனில் கிராணியாக இருந்தவர்.

"விழுறது பிழை இல்லையாம். விழுந்தாப் பிறகும் கம்பு பந்தைத் தேடவேணுமாம். விளங்குதே?"

எல்லாரையும்விடச் சின்னையாவுக்கே அது நன்றாக விளங்கியது. முழங்கால் தோல் உரிய உரிய விழுந்து பழகினான். கிதாமுரா அவன் முதுகில் தட்டினார்.

ஆனி மாதத்தில் குணவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை. அரிசிக் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தார்கள். அந்த வாரத்திலேயே கிதாமுரா எல்லாரையும் திடலில் நிற்கவைத்துப் பேசினார். சின்னத்துரை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். சயாமில் வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று உத்தரவு. ஆள் போதவில்லை. நாலு டீம் என்பது அதிகம். லீக் முடியும்போது கடைசியில் நிற்கும் டீம் கலைக்கப்படும்.

"கலைக்கிறதுன்னா?" என்று ஒருவன் கேட்டான்.

"துணியைக் கழட்டவேணும். லொறி வரும். வேற என்ன" என்றார் சின்னத்துரை.

விளையாட்டு என்றால் தோற்றவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான், நாளைக்குப் பார்க்கலாம் என்பான். அதனால்தான் அதற்கு விளையாட்டு என்று பெயர். இதற்கு என்ன பெயர் வைப்பது? அன்றிலிருந்து யாரும் ஆடவில்லை, எல்லாரும் உயிருக்குப் போராடினார்கள். கூலிம்காரன் ஒருவனுக்குப் பல் போயிற்று. சின்னத்துரை காய்ச்சலோடு ஓடி, ஓரத்தில் போய் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி ஓடினார். கூலிம்காரர்கள் பல்லைக் கொடுத்தாவது ஜெயித்து மேலே போய்விட்டார்கள். அலோர் ஸ்டார் கிராணிமார் கொஞ்சம் நல்ல சாப்பாடு கண்டவர்கள்; அவர்களும் தப்பினார்கள். கடைசி ஆட்டம் வந்தபோது மிச்சம் நின்றது ஐஸ் பெக்டரியும் பாலிங்கும். ஐஸ் பெக்டரி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. பாலிங்குக்குச் சமமாக முடித்தாலே போதும். ஐஸ் பெக்டரிக்கு ஜெயித்தே ஆகவேண்டும்.

ஆட்டத்தன்று காலையில் குணவதி துணியைக் கொண்டுவந்து அவன் கையில் கட்டினாள்.

"பாலிங்காரங்களா? அன்னைக்கு உங்களுக்குச் சோறு போட்டாங்களே, அவங்களா?"

"சோறு இல்ல. கிழங்கு."

"எதுவா இருந்தா என்ன." முடிச்சை இறுக்கினாள். பிறகு, "அண்ணன் போனப்ப நான் அழுதேன். நீங்க போனா அழுவுறதுக்கு நானும் இருக்கமாட்டேன், இதுவும் இருக்காது" என்று மடியில் கிடந்த குழந்தையைக் காட்டினாள். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

சுங்கை பட்டாணித் திடலின் ஓரத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் கீழே, லாரி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. பின்கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு டீம்காரர்களும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. குழந்தைவேலு வழக்கம்போலக் கோல் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டான். எதிர்ப் பக்கத்தில் சின்னையாவைப் பார்த்ததும் தலையை அசைத்துச் சிரித்தான். சின்னையா குனிந்து, அவிழாத துணி முடிச்சைச் சரிசெய்தான்.

கிதாமுராவே விசில் ஊதினார். ஆட்ட விதியில் மட்டும் மனிதர் யாருக்கும் சாயமாட்டார். அநியாயத்தை முன்னாலேயே செய்து முடித்துவிட்டு, விசிலை நியாயமாக ஊதுகிறவர். ஐஸ் பெக்டரி முட்டி மோதிப் பார்த்தது. சின்னத்துரை அடித்ததைக் குழந்தைவேலு காலால் தடுத்தான். சின்னையா அடித்ததை வயிற்றில் வாங்கிச் சுருண்டு, எழுந்து, மறுபடி நின்றான். அவனுக்கும் இரண்டு குழந்தைகள் இருந்தன. ஒரு கோல் இல்லை, அரைக் கோல் இல்லை. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கிதாமுரா கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். டிரைவர் விழித்து இறங்கி, லாரியின் சக்கரத்தை உதைத்துப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் அது சின்னையாவின் புத்திக்கு வந்தது. வந்தது என்பதுகூடப் பொய். காலையிலிருந்தே அது அங்கேதான் இருந்தது, அவன்தான் அதன் முகத்தைப் பார்க்காமல் இருந்தான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். பயம் வந்தால் என்னென்ன பறக்கும் என்று எண்ணிச் சொன்னவன் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதும் அவனுக்குத் தெரியும். கஞ்சித் துணியைச் சப்பும் வாயும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்க அவனால் முடியவில்லை. ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு ஓடினான்.

சின்னத்துரை இடது பக்கத்திலிருந்து பந்தைத் தள்ளினார். சின்னையா அதைத் துரத்தினான். குழந்தைவேலு கோலை விட்டு வெளியே வந்தான், காலை ஓங்கினான். எட்டி அடித்திருக்கலாம், சின்னையா அடிக்கவில்லை. ஒற்றை முட்டியை மடக்கி, ஈரப் புல்லில் வழுக்கி, அந்தக் காலுக்கு நேராக நெஞ்சைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கம்பு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

டயர் கட்டிய கால் நெஞ்சில் இடித்தது. பந்து இருவருக்கும் நடுவில் அசையாமல் நின்றது.

லாரி நிற்கிறது. நேரம் முடியப்போகிறது. ராக்காயியும் இரண்டு பெண் பிள்ளைகளும் பாலிங்கில் காத்திருக்கிறார்கள். குழந்தைவேலுவுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை தானாகப் போயிற்று. குனிந்தான். சின்னையாவின் நெஞ்சைத் தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். கண்ணில் ஒற்றும்போது எவனும் கண்ணை மூடித்தான் ஒற்றுவான்.

சின்னையா படுத்திருந்த கம்பை மெல்லத் திருப்பினான். ஓங்கி அடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு குழந்தை உருட்டிவிட்டதுபோலப் பந்து போய்க் கோட்டைத் தாண்டியது.

விசில் ஊதியது. பரஞ்சோதி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். குழந்தைவேலு கண்ணைத் திறந்து, பின்னால் திரும்பிப் பந்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு சின்னையாவின் பக்கம் திரும்பிக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"நெஞ்சுல பலமாப் பட்டுருச்சாண்ணே?" என்று கேட்டான்.

சின்னையா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

ஆட்டம் முடிந்து கிதாமுரா அவனைக் கூப்பிட்டு, ஐஸ் அறையில் தட்டியதுபோலவே முதுகில் தட்டினார். விழுந்தது அழகாக இருந்தது என்று சொன்னாராம். அதைத் தமிழில் சொல்லிவிட்டு, சின்னத்துரை குரலைத் தாழ்த்தினார்.

"நீர் எப்பிடி விழுந்தனீர் எண்டு நான் பார்த்தனான். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எனக்கும் பிள்ளைகள் இருக்கினம்."

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். சின்னையாவுக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

சிப்பாய்கள் பாலிங்காரர்களை வரிசையில் நிற்கவைத்து, சிவப்புத் துணிகளைக் கத்தியால் அறுத்து ஒரு வாளியில் போட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரவும் விடவில்லை. ஆடின உடம்போடு லாரிக்கு ஓட்டினார்கள். சின்னையா தன் பங்கு அரிசியைத் துண்டில் முடிந்துகொண்டு லாரியடிக்கு ஓடினான். எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் ஓடினான். குழந்தைவேலு இன்னும் காலில் டயரை அவிழ்க்காமல் நின்றிருந்தான்.

"குழந்தைவேலு, நான்..."

"வந்துட்டீங்களா. உங்களத்தான் தேடினேன்." குழந்தைவேலு அவசரமாகப் பேசினான். "ராக்காயிகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்கண்ணே. வேற யாரு சொன்னாலும் கத்துவா. நீங்க நம்ம வீட்டுல சாப்பிட்டவரு, நீங்க சொன்னா நம்புவா. மூணு மாசத்துல வந்துருவேன்னு சொல்லுங்க."

மூன்று மாதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சின்னையாவுக்குப் பக்கிரிசாமியின் ஞாபகம் வந்துவிட்டது; சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அரிசி முடிச்சை நீட்டினான். "இது வழிக்கு" என்று மட்டும் சொன்னான்.

"அதையும் அவகிட்டயே குடுத்துருங்க. பிள்ளைங்க இருக்குல்ல."

சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் குழந்தைவேலுவின் முதுகில் குத்தினான். பின்கதவு உயரமாக இருந்தது. டயர் கட்டிய கால் மேலே எட்டவில்லை. இரண்டு தடவை ஏறப்பார்த்துச் சறுக்கினான். சின்னையா அரிசியைக் கீழே வைத்துவிட்டு, லாரியை ஒட்டி மண்டியிட்டுத் தோளைக் காட்டினான்.

"மிதிச்சு ஏறு."

"உங்க மேல நான் கால வைக்கிறதாண்ணே? வேணாம்."

"ஏறுடா. அவன் உன்னக் கொன்னுருவான்."

மறுபடி ஒரு குத்து விழுந்தது. வேறு வழியில்லாமல் குழந்தைவேலு அந்தத் தோளில் காலை ஊன்றி மேலே ஏறினான். பின்கதவைச் சாத்தினார்கள். எஞ்சின் உறுமியது. சின்னையா எழுந்து நின்றான்.

லாரி நகர்ந்தபோது குழந்தைவேலு நெரிசலில் முண்டி, பின்கதவின்மேல் வயிறு படக் கவிழ்ந்து, கையை நீட்டிச் சின்னையாவின் தோளைத் தொட்டான். தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இரண்டு கண்ணையும் மூடித்தான் ஒற்றிக்கொண்டான்.

அவன் கண்ணைத் திறப்பதற்குள் சின்னையா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.